முப்பது வருஷத்துக்கு ஒரு சைக்கிள்

சைக்கிள் கடையில் ஐம்பத்துநாலு வயதுப் பெண்மணி ஒருத்தி திடீரென்று தரையில் மல்லாந்து படுத்தால் யாருக்கும் பதறத்தான் செய்யும். மயக்கம் போட்டுவிட்டாள் என்று நினைத்து விற்பனையாளர் தண்ணீர் எடுக்க ஓடினார். பாட்டிலோடு அவர் திரும்பி வந்தபோது, அவள் ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் பூதக்கண்ணாடியுமாக, கடையிலேயே விலை கூடிய வண்டியை அடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெடல் அச்சு உட்காரும் இடத்தில் நான்கு குழாய்கள் வந்து சேரும். அந்த மூலையை மட்டும் ஐந்து நிமிடம் பார்த்தாள். பிறகு எழுந்து உடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "வேணாங்க" என்றாள்.

"ஏன் மேடம்? இது டைட்டானியம். துருவே பிடிக்காது. ஆயுசுக்கும் வரும்."

"டைட்டானியம்னு எனக்கும் தெரியுது. அப்புறம் பெயின்ட் எதுக்கு அடிச்சிருக்கீங்க?"

"அழகுக்குத்தான் மேடம்."

"துருப்பிடிக்காத சாமானுக்குப் பெயின்ட் அடிக்கறவன் எதையோ மறைக்கறான்னு அர்த்தம். ஒட்டு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும்."

வாசலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவள் கணவர், பேச்சு முடிந்ததைப் பார்த்து மெதுவாக எழுந்தார். அது அவர்கள் ஏறி இறங்கிய நாலாவது கடை.

ரசாயன ஆலைகளுக்குக் குழாயும் தொட்டியும் செய்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. வெல்டர்கள் ஒட்டியதைப் பரிசோதித்து, போகலாம் அல்லது போகக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்தாள். அங்கே அவளுக்கு வைத்திருந்த பெயர் ரிஜெக்ட் மேடம். "சூரியனையே கழட்டிக் கொண்டுவந்து மேஜைமேல வச்சாலும், இதுல கரும்புள்ளி இருக்கு, திருப்பி அனுப்புன்னு சொல்லும்" என்று வெல்டர்கள் அவள் காதில் விழும்படியே பேசிக்கொள்வார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே சிவப்புச் சாக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த குழாய்க்கு நகர்வாள்.

டைட்டானியத்தை ஒட்டுவது லேசுப்பட்ட காரியமல்ல. சூடாக இருக்கும்போது காற்றுப் பட்டால் கெட்டுவிடும். அதனால் ஆர்கான் வாயுவைக் குழாயின் வெளியிலும் உள்ளேயும் ஓடவிட்டுக்கொண்டேதான் ஒட்டுவார்கள். ஆறியபிறகு ஒட்டின் நிறத்தைப் பார்த்தே நடந்ததைச் சொல்லிவிடலாம். வெள்ளி நிறமென்றால் காற்று அண்டவே இல்லை. வைக்கோல் நிறமென்றால் லேசாக எட்டிப்பார்த்திருக்கிறது, பாதகமில்லை. நீலமென்றால் உள்ளே நுழைந்துவிட்டது. அந்த இடம் நொறுங்கும் தன்மைக்குப் போய், நாள்பட விரிசல் விடலாம். விட்டே தீரும் என்று சொல்ல யாராலும் முடியாது. விடலாம், அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம், அவள் ஒரு நீலத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். வெளிறிய நீலம், நகக்கண் அளவு. வெளியே லாரி நின்றுகொண்டிருந்தது, ஷிப்ட் முடிகிற நேரம், மேலாளர் இரண்டு தடவை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். பதினொரு மாதம் கழித்து எங்கோ ஓர் ஆலையில் அந்த ஒட்டு பிளந்து, கொதிக்கிற அமிலம் அங்கே குழாய் வேலை பார்த்த ஒரு பிட்டரின் மேல் பீச்சியடித்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தார். விசாரணையில் யார்மேலும் பழி விழவில்லை, ஆயிரம் காரணம் இருக்கலாம் என்று எழுதி மூடிவிட்டார்கள். அவளுக்கு மட்டும் காரணம் தெரியும். அன்றைக்குப் பிறகு அவள் ஒரு நீலத்தையும் விட்டதில்லை, வைக்கோல் நிறத்தைக்கூடப் பாதி நேரம் விட்டதில்லை. அவளைக் கிண்டல் செய்கிற வெல்டர்களில் பாதிப்பேர் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

கணவர் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். தெருத்தெருவாக சைக்கிளில் போய், குனிந்து மூடியைத் திறந்து, எண்ணைப் படித்து நோட்டில் எழுதிக்கொள்வது அவர் உத்தியோகம். வாரம் ஆறு நாள் ஓட்டியது போதாதென்று ஏழாவது நாளும் ஓட்டுவார். அதற்கென்றே வளைந்த ஹேண்டில்பார் வைத்த பழைய இரும்புப் பந்தய வண்டி ஒன்று வைத்திருந்தார். விடிந்ததும் கிளம்பி ஏரிக்கரைச் சாலையில் எழுபது கிலோமீட்டர் போய்வந்து, காலை நீட்டிப்போட்டு, எதிர்க்காற்றை வாயாரத் திட்டுவார். எதிர்க்காற்றைத் திட்டும்போது அவருக்கு இருக்கிற சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை என்பாள் அவள்.

நோயைக் கண்டுபிடித்தது டாக்டர் அல்ல, அலுவலக குமாஸ்தா. "சார், உங்க எண்ணெல்லாம் எறும்பு மாதிரி சுருங்கிட்டே போகுது, படிக்க முடியல" என்று நோட்டைத் திருப்பி அனுப்பினார். வலது கை நடுக்கமும் சேர்ந்துகொண்டபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பார்க்கின்சன் என்றார்கள். நிலைப்படியைத் தாண்டும்போது கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். குரல் இறங்கும். முகமும் இறுகிவிடும், உள்ளே சிரித்தாலும் அழுதாலும் வெளியே ஒரே முகம்தான். டாக்டரம்மா இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, கடைசியில் நல்ல செய்தியாக ஒன்று சொன்னார்.

"நடக்கத் தடுமாறறவங்கள்ல சில பேர் சைக்கிள் மட்டும் நல்லா ஓட்டுவாங்க. உங்க வீட்டுக்காரர் அதுல ஒருத்தர். எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் ஓட்ட விடுங்க. மாத்திரையை விட அது பெருசு."

"எவ்வளவு நாள் முடியும் டாக்டர்?"

"ரெண்டு வருஷம் இருக்கலாம், அஞ்சு இருக்கலாம். கம்மியாவும் இருக்கலாம். நாளைக் கடத்தாம ஓட்டச் சொல்லுங்க."

இதில் கடைசி வாக்கியத்தைத்தான் அவள் காதில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக டார்ச்சை எடுத்துக்கொண்டு அவருடைய இரும்பு வண்டியின் கீழே படுத்தாள். பின்சக்கரத்துக்குப் போகும் குழாயில், பெடல் அச்சுக்குப் பக்கத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். துருவுக்கு அடியில் எத்தனை நாளாக இருந்ததோ.

"இனிமே இதுல ஏறக்கூடாது" என்றாள்.

"இத ஒட்டிக்கலாமே. உங்க ஆளுங்க யார்கிட்டயாவது சொன்னா அரை மணி நேரத்துல முடிச்சிருவாங்க."

"ஒட்டின இடத்துக்குப் பக்கத்துல மறுபடி விரிசல் விடும். வேணாங்க. உங்களுக்கு நல்லதா ஒண்ணு வாங்கித் தர்றேன், உடையவே உடையாததா."

விழுந்தால் அவர் எழுந்திருக்கமாட்டார் என்ற பயம் அவளுக்கு. அது நியாயமான பயம்தான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. ஐந்து வருஷம் ஓடும் வண்டியைப் பார்த்தால், ஐந்து வருஷத்துக்குப் பிறகு என்ன என்று யோசிக்க வேண்டிவரும். முப்பது வருஷம் ஓடும் வண்டியைப் பார்த்தால் அந்தத் தொல்லை இல்லை. அவள் முப்பது வருஷத்துக்கு ஓடும் வண்டியைத் தேட ஆரம்பித்தாள்.

மூன்று மாதம் அதிலேயே போயிற்று. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒன்றில் குழாய் தகட்டைச் சுருட்டி ஒட்டியது, நெடுகத் தையல் இருந்தது. ஒன்றில் பெடல் அச்சு உட்காரும் அச்சுக்கூடு மரையில்லாமல் அடித்து இறக்கியது, நாளைக்கு ஆடும். இன்னொன்றில் ஒட்டெல்லாம் தேவலாம், ஆனால் கம்பெனி ஐந்து வருஷத்துக்குத்தான் உத்தரவாதம் தந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் அவளுக்கு முகமே மாறிவிட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனில் கத்தினாள். "அம்மா, அப்பா ஓட்டணும்னுதானே டாக்டர் சொன்னாங்க? நீ என்ன அவருக்குப் பொண்ணா பார்க்கற? ஏதாவது ஒண்ணை வாங்கித் தொலை!" அதோடு விடாமல், நின்ற இடத்திலேயே மிதிக்கிற வண்டி ஒன்றை அனுப்பியும் வைத்தாள். அவர் அதில் ஏறிப் பத்து நிமிடம் மிதிப்பார். எதிரே சுவர். சுவரை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? இறங்கிவிடுவார்.

கடைசியில், தொழிற்சாலைக்கு ஆர்கான் சிலிண்டர் கொண்டுவரும் டிரைவர் ஒரு துப்புக் கொடுத்தார். ஊருக்கு வெளியே, பழைய மாவு மில் கட்டடத்தில் ஒருத்தர் தனியாளாக டைட்டானிய சைக்கிள் செய்கிறார், அளவெடுத்துத் தைக்கிற மாதிரி ஆளுக்கேற்றபடி செய்துதருவார் என்று. போனார்கள். சுவரெல்லாம் வெள்ளிக் குழாய்கள் சாய்ந்து நின்றன. தரை ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருந்தது. அவருடைய ஒட்டைப் பார்த்த அவள், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கணவர் கேட்டிராத ஒரு வார்த்தையைச் சொன்னாள்: "பரவாயில்லை."

"எத்தனை வருஷம் ஓடணும் மேடம்?" என்று கேட்டார் சைக்கிள் செய்பவர்.

"முப்பது."

அவர் பார்வை ஒரு நொடி கணவரின் நடுங்கும் கைக்குப் போய்விட்டுத் திரும்பியது. "சாருக்கு என்ன வயசு?"

"அம்பத்தேழு."

சைக்கிள் செய்பவர் கூட்டிப்பார்த்திருப்பார். சங்கடத்தைப் போக்கியது கணவர்தான். "எழுதிக்கங்க சார். இவ சொன்னா முப்பதுதான்" என்றார்.

சுவரோரம் நிற்கவைத்து அளவெடுத்தார்கள். கால் நீளம், கை நீளம், இடுப்பிலிருந்து தோள். அப்போது அவர் நேராக நின்றார். தோளில் மட்டும் லேசான கூனல். இந்த வண்டியில் கொஞ்சம் குனிந்து, கையை நீட்டி, தலையைத் தூக்கிச் சாலையைப் பார்த்து ஓட்டவேண்டும். அதற்குத் தோதாக ஒவ்வொரு குழாயையும் வெட்டுவேன் என்றார் செய்பவர்.

மூன்றாவது மாதம் உடம்பு தயாராயிற்று. சக்கரம் மாட்டவில்லை, வெறும் குழாய்க்கூடு. கணவர் அதை இரண்டு விரலால் தூக்கிப்பார்த்து, "இதென்ன, வாழைத்தண்டு கனம்கூட இல்ல" என்றார். உச்சி முதல் பாதம் வரை வெள்ளி நிறம். அவள் பூதக்கண்ணாடியோடு ஒரு மணி நேரம் சுற்றிவந்தாள், குறையே அகப்படவில்லை. அதோடு விட்டிருக்கலாம். கைப்பையிலிருந்து நுனியில் கேமரா வைத்த மெல்லிய ஒயரை எடுத்து சீட்டுக் குழாய் வழியாக உள்ளே விட்டாள். அச்சுக்கூட்டுக்கு உள்பக்கம், நகக்கண் அளவுக்கு, வெளிறிய நீலம்.

சைக்கிள் செய்பவர் அவளுடைய போன் திரையைக் குனிந்து பார்த்தார். "ஆமா, உள்ள வாயு கொஞ்சம் தளர்ந்திருக்கு. மேடம், தப்பா நினைக்காதீங்க, இது சைக்கிள். ஆசிட் குழாய் இல்ல. இந்த நீலத்தால ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

அவர் திரையிலிருந்து நிமிர்ந்துகொண்டார். யார்தான் போடுவார்கள்?

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க?" அவர் அந்தக் கூட்டைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தார். முகத்தில் எதுவும் இல்லை. அந்த முகத்தில் சில மாதமாகவே எதுவும் இருப்பதில்லை. "உனக்குத் திருப்தியா இருக்கணும்" என்றார். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். சாக்கட்டி கையில் இல்லாத குறைதான்.

இரண்டாவது கூட்டுக்குக் குழாய் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். வரும் வரும் என்று இரண்டு மாதம் இழுத்தது. "அதுவரைக்கும் சாதாரண வண்டி ஒண்ணு வாங்கி ஓட்டட்டுமா?" என்று ஒருநாள் கேட்டார். "கண்டதையும் ஓட்டி விழுந்து வச்சா? இவ்வளவு நாள் பொறுத்தாச்சு, இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்றாள். அவர் மறுபடி கேட்கவில்லை. மீட்டர் வேலையிலிருந்து முன்னதாகவே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மழைக்காலத்துக்குப் பிறகு இடுப்பு வளைய ஆரம்பித்தது. முதலில் சாப்பிடும்போது, பிறகு நடக்கும்போது. அப்புறம் தலையும் மார்பை நோக்கித் தொங்கியது. நிமிர்ந்து உட்காருங்க என்று அவள் தோளைப் பிடித்துத் தூக்கிவிடுவாள், கையை எடுத்ததும் பழையபடி இறங்கிவிடும்.

"சைக்கிள் ஓட்டறத எப்ப விட்டாரு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பத்து மாசம் ஆச்சு டாக்டர்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து மாத்திரை எழுதினார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு.

முதல் கூட்டைத் திருப்பிவிட்ட ஐந்தாவது மாதம், புது வண்டியை சைக்கிள் செய்பவரே வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். காலை நேரம், தெருவில் ஆளில்லை. அவள் உள்ளும் புறமும் பார்த்தாள். ஒயரை விட்டுப் பார்த்தாள். எங்கும் வெள்ளி நிறம். வைக்கோல் நிறம்கூட ஓரிடத்திலும் இல்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இப்படியொரு ஒட்டை அவள் பார்த்ததில்லை. "சரி" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு பேருமாகப் பிடித்து அவரை ஏற்றினார்கள். காலைத் தூக்கிப்போட மட்டுமே நேரமாயிற்று. சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்தார். உடம்பு முன்னே சாய்ந்ததும் தலை தொங்கிவிட்டது. நிமிர்த்தப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர, முகம் எழவில்லை. அவருக்குத் தெரிந்தது தன் முழங்காலும் முன்சக்கரமும் மட்டும்தான்.

சைக்கிள் செய்பவர் ஹேண்டில்பாரைக் கழற்றி உயரமான பிடியைப் போட்டுப் பார்த்தார். அதையும் கழற்றி இன்னொன்றைப் போட்டார். டேப்பை வைத்து அளந்தார். கடைசியில் ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"கையை நீட்டற தூரம் எட்டு சென்டிமீட்டர் குறையணும் மேடம். நான் அளவெடுத்த உடம்பு இது இல்ல."

"வளைக்க முடியாதா?"

"டைட்டானியம் மேடம். அறுத்துட்டுப் புதுசாத்தான் ஒட்டணும். நாலு மாசம் ஆகும்."

நாலு மாதத்தில் அந்த உடம்பு எப்படி இருக்கும் என்று அங்கிருந்த மூன்று பேருக்குமே தெரியும். அவள் குனிந்து அச்சுக்கூட்டைப் பார்த்தாள்.

"அந்த முதல் வண்டி... அது எத்தனை நாள் ஓடியிருக்கும்?"

"எதுக்கு மேடம் இப்ப அதெல்லாம்?"

"சொல்லுங்க."

"நான் வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன். நல்லாத்தான் ஓட்டறாரு. பத்து வருஷம் போகும். இருபதும் போகலாம்."

அவள் கணவரின் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அப்படித்தான் பார்க்கமுடியும். "உங்களுக்குத் தெரியும்ல? அந்த நீலத்தால ஒண்ணும் ஆகாதுன்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்ல?"

"ம்."

"அப்புறம் ஏங்க சொல்லல? வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அவர் குரல் மிகவும் இறங்கிவிட்டிருந்தது. காதைக் கிட்டே கொண்டுபோகவேண்டியிருந்தது.

"எனக்கு ஒரு வருஷம் ஓடினாலே போதும்னு தெரியும்மா. நீ முப்பது வருஷத்துக்குப் பார்த்துட்டு இருந்த. உன்கிட்ட அதை எப்படிச் சொல்றது?"

சைக்கிள் செய்பவர் வேன் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அவள் எழுந்து பின்னால் வந்து, ஒரு கையால் சீட்டையும் மறு கையால் அவர் இடுப்பையும் பிடித்தாள்.

"மிதிங்க" என்றாள்.

"ரோடு தெரியலையே."

"நான் சொல்றேன். நேராத்தான் இருக்கு. மிதிங்க."

மிதித்தார். நிலைப்படியில் ஒட்டிக்கொள்ளும் அதே கால்கள் தங்குதடையில்லாமல் சுற்றின. வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. அவள் பக்கத்தில் ஓடினாள், மூச்சிரைக்க வழி சொன்னாள். இடது பக்கம் கொஞ்சம், போதும், யாருமில்லை, நேராப் போங்க. கையில் பிடித்திருந்த உடம்பு பழைய வேகத்துக்குத் தாவப் பார்ப்பதும், தாவினால் அவள் விழுந்துவிடுவாள் என்று அடங்குவதும் அவளுக்குத் தெரிந்தது. தெருமுனையில் திரும்பவேண்டும். திரும்ப, தலையைத் தூக்கிப் பார்க்கவேண்டும். அங்கே நிறுத்தினார்கள். சைக்கிள் செய்பவர் ஓடிவந்து வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை போலாமா?" என்று கேட்டாள்.

"போதும்மா" என்றார்.

எண்பது மீட்டர் இருக்கும். அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியிலும் ஏறவில்லை.